அஞ்சு சொட்டு மருந்தின் கதை

காந்திபுரத்தில் கிராஸ்கட் ரோட்டுக்குப் பின்னால் ஒரு சந்தில் குடியிருக்கும் அம்முச்சிக்குப் பேத்தி பிறந்தாள். 34-வது வாரத்திலேயே பிறந்துவிட்டதால், பிரசவ அறையிலிருந்து நேராகப் பச்சிளங்குழந்தைகள் வார்டுக்குக் கொண்டுபோய்விட்டார்கள். அம்முச்சி சும்மா வரவில்லை. ஒரு டம்ளரில் சர்க்கரைத் தண்ணீரும், கழுவித் துடைத்த வெள்ளிச் சங்கும் கொண்டுவந்திருந்தார். அந்தக் குடும்பத்தில் யாருக்குக் குழந்தை பிறந்தாலும் சேனை தொட்டு வைப்பது அவர்தான். ராசியான கை என்று பெயர்.

வார்டு வாசலிலேயே நர்ஸ் மறித்துவிட்டார்.

"பெத்தவங்களைத் தவிர உள்ள யாரையும் விடறதில்லைங்க பாட்டி. தாய்ப்பாலைத் தவிர வாயில எதுவும் வைக்கவும் கூடாதுங்க."

"ஏனுங் அம்மிணி, எத்தனை கொளந்தைக்கு வெச்ச கை இது! இதுல என்ன வெசமா இருக்குது?"

"உங்க கையை மட்டும் சொல்லலைங்க பாட்டி. எங்க கையையும் சேர்த்துத்தான் சொல்றேன்" என்று கை கழுவும் தொட்டியைக் காட்டினார் நர்ஸ்.

அம்முச்சிக்கு மனசு ஆறவில்லை. வராந்தா பெஞ்சில் போய் உட்கார்ந்துகொண்டார். ஐந்தாம் நாள் இன்னொரு குண்டு விழுந்தது. பக்கத்துக் கட்டிலில் இருந்த குழந்தைக்கு வயிறு உப்பி, பேதி. அதனால் வார்டில் இருந்த எல்லாக் குழந்தைகளின் மலத்தையும் பரிசோதனைக்கு அனுப்பினார்கள். பேத்திக்கும் ரோட்டா வைரஸ் இருப்பதாக முடிவு வந்தது.

மகள் அழுதுவிட்டாள். "ஆஸ்பத்திரிக்கு வந்து நோயை வாங்கிட்டுப் போறமே அம்மா!" குழந்தையோ நன்றாகப் பால் குடித்தது, தூங்கியது, எடையும் ஏறியது. டாக்டர் சொன்னது ஒரே வரி: "கிருமி இருக்குது, நோய் இல்லை. எடையும் மோஷனும் தினம் பார்த்துட்டுத்தான் இருக்கோம், பயப்படாதீங்க."

கிருமி இருந்தும் நோய் இல்லை என்றால் எப்படி? கேட்டவர்களுக்கு அது சமாதானம் சொல்வது போலத்தான் இருந்திருக்கும். ஆனால் இதே கேள்வி நாற்பது வருஷத்துக்கு முன்னால் தில்லியில் ஒரு டாக்டரின் தலைக்குள்ளும் புகுந்தது. இன்று நம் ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் குழந்தைக்கு இலவசமாக விடும் அஞ்சு சொட்டு மருந்து அங்கிருந்துதான் வந்தது.

ரோட்டா வைரஸை 1973-ல் ஆஸ்திரேலியாவின் மெல்போர்னில் ரூத் பிஷப் என்ற பெண் விஞ்ஞானியும் அவருடைய குழுவினரும் கண்டுபிடித்தார்கள். எலெக்ட்ரான் மைக்ராஸ்கோப்பில் பார்த்தால் வண்டிச் சக்கரம் மாதிரி இருக்கும். லத்தீனில் 'ரோட்டா' என்றால் சக்கரம், பெயர் அப்படி வந்தது. ஐந்து வயதுக்குள் அநேகமாக எல்லாக் குழந்தைகளையும் ஒரு தடவையாவது தொட்டுவிடும் கிருமி இது. வாந்தி, காய்ச்சல், தண்ணீராகப் போகும் பேதி என்று ஓரிரு நாளில் குழந்தையை வாடவைத்துவிடும். ஆறு மாதத்திலிருந்து இரண்டு வயது வரை ஆபத்து அதிகம்.

ஆனால் பிறந்து சில நாளே ஆன குழந்தைகளிடம் மட்டும் அதன் போக்கு வேறு. 1980-களின் நடுவில் தில்லி எய்ம்ஸ் மருத்துவமனையின் பச்சிளங்குழந்தைகள் வார்டில் டாக்டர் எம்.கே. பானும் அவருடன் வேலை செய்தவர்களும் இதைக் கவனித்தார்கள். குழந்தைகளின் மலத்தில் வைரஸ் இருந்தது, பேதி இல்லை. வேறு யாராவது என்றால் "நல்லவேளை" என்று சொல்லிவிட்டு அடுத்த வேலையைப் பார்த்திருப்பார்கள். இவர்கள் அந்தக் குழந்தைகளை வளர வளரத் தொடர்ந்து பார்த்தார்கள். பிறந்த வார்டிலேயே வைரஸ் தொற்றிய பிள்ளைகளுக்குப் பிற்பாடு ரோட்டா பேதி குறைவாக வந்தது. மெல்போர்னிலும் கிட்டத்தட்ட இதையே முன்பு பார்த்திருந்தார்கள்: வைரஸ் மறுபடி தொற்றினாலும், கடுமையான பேதி வரவில்லை.

அப்படியென்றால் இந்தச் சாது வைரஸையே மருந்தாக்கினால் என்ன?

தில்லியில் ஒரு பச்சிளங்குழந்தையிடமிருந்து எடுத்த அந்த வகைக்கு 116ஈ என்று எண் கொடுத்தார்கள். அதிலிருந்து ஹைதராபாத்தின் பாரத் பயோடெக் நிறுவனம் 'ரோட்டாவேக்' என்ற சொட்டு மருந்தை உருவாக்கியது. 2011-ல் தில்லி, புனே, நம்ம வேலூர் ஆகிய மூன்று இடங்களில் பெரிய பரிசோதனை தொடங்கியது. மொத்தம் 6,799 குழந்தைகள். முதல் வயதில் வரும் கடுமையான ரோட்டா பேதியை நூற்றுக்கு 56 என்ற அளவில் மருந்து தடுத்ததாக 2013-ல் அறிவித்தார்கள். 2016-ல் நாலு மாநிலங்களில் அரசுத் தடுப்பூசித் திட்டத்தில் சேர்ந்தது. தமிழ்நாட்டுக்கு 2017-ல் வந்தது. கண்டுபிடிப்புக்கும் அஞ்சு சொட்டுக்கும் நடுவில் முப்பது வருஷம். 2020-ல் காலமான டாக்டர் பான், தன் மருந்து நாடு முழுக்கப் பரவியதைப் பார்த்துவிட்டுத்தான் போனார்.

இதைக் கேட்டு, "அப்படின்னா வார்டுல கிருமி ஒட்டறது நல்லதுதானே?" என்று யாரும் கிளம்பிவிட வேண்டாம். வேலூர் கதை வேறு மாதிரி.

வேலூர் சி.எம்.சி.யில் டாக்டர் ககன்தீப் காங் குழுவினர் பல வருஷம் இதே விஷயத்தை ஆராய்ந்தார்கள். அங்கே பச்சிளங்குழந்தைகளிடம் கிடைத்தது வேறொரு வகை, ஜி10பி11. மாடுகளைத் தொற்றும் ரோட்டா வைரஸின் கூறுகள் கலந்தது. (காங்கேயம் பக்கம் தொழுவத்தோடு வாழ்பவர்கள் மாட்டைச் சந்தேகப்பட வேண்டியதில்லை. அந்தக் கலப்பு நடந்த பிறகு, குழந்தையிடமிருந்து குழந்தைக்குத்தான் அது வார்டில் பரவுகிறது.) இந்த வகை சில குழந்தைகளைச் சும்மா விட்டது, சில குழந்தைகளுக்குப் பேதியையும் வயிற்றுக் கோளாறையும் கொடுத்தது. இதைவிட முக்கியமான விஷயம் ஒன்று உண்டு. பிறந்தவுடன் இது தொற்றிய வேலூர்க் குழந்தைகளுக்குப் பிற்பாடு எந்தப் பாதுகாப்பும் கிடைக்கவில்லை. தில்லியில் காப்பாற்றியது வேலூரில் காப்பாற்றவில்லை. எந்தக் குழந்தைக்கு எந்த வகை ஒட்டும் என்று யாரால் சொல்ல முடியும்? குறைமாதக் குழந்தை என்றால் வயிறு உப்புவதையும் மலத்தில் ரத்தம் வருவதையும் லேசாக எடுத்துக்கொள்ளவே முடியாது.

அதனால்தான் அந்தக் கை கழுவும் தொட்டி. பேதியான குழந்தையின் மலத்தில் வைரஸ் கோடிக்கணக்கில் வெளியேறுகிறது. தொற்றுவதற்குச் சில துகள்கள் போதும். துணி மாற்றிய கை, கட்டில் கம்பி, எடைத் தட்டு, பாலாடை என்று எதன் மேலும் நாள்கணக்கில் உயிரோடு கிடக்கும். ராசியான கைக்கும் ராசியில்லாத கைக்கும் அது வித்தியாசம் பார்ப்பதில்லை. நர்ஸ் சொன்னதில் 'எங்க கையையும்' என்ற வார்த்தைதான் சரியான வார்த்தை. பல வார்டுகளில் ஒரு குழந்தையிடமிருந்து இன்னொரு குழந்தைக்குக் கிருமியைக் கொண்டுபோவது, கவனித்துக்கொள்பவர்களின் கைதான்.

அம்முச்சி ஒருவழியாகச் சங்கைப் பைக்குள் வைத்துவிட்டார். ஆனால் வீட்டுக்குப் போகும் நாளில் கெட்டிக்காரத்தனமாக ஒரு கேள்வி கேட்டார்: "சொட்டு மருந்து ஆறாம் வாரத்துலன்னு சொல்றீங்களே, பொறந்த நாள்ல இருந்துங்களா, பொறக்க வேண்டிய நாள்ல இருந்துங்களா?" குறைமாதக் குழந்தை உள்ள வீட்டில் பலரும் குழம்புவது இங்கேதான். பிறந்த நாளிலிருந்துதான் கணக்கு. 6, 10, 14-வது வாரங்களில் மூன்று தவணை, மற்றத் தடுப்பூசிகளோடு சேர்த்தே. ஆறாம் வாரத்திலும் குழந்தை ஆஸ்பத்திரியிலேயே இருந்தால், எப்போது கொடுப்பது என்பதை அங்குள்ள டாக்டர் முடிவு செய்வார். ஆறாம் வாரம் தவறிவிட்டாலும், ஒரு வயது முடிவதற்குள் முதல் தவணையைத் தொடங்கலாம்.

வீட்டுக்கு வந்த பிறகு வேறொரு பயம் பிடித்துக்கொள்ளும். தாய்ப்பால் குடிக்கும் குழந்தை ஒரு நாளைக்குப் பல தடவை மஞ்சளாக, இளக்கமாகப் போகும். அது பேதி இல்லை. வழக்கத்தைவிட அதிகத் தடவை தண்ணீராகப் போவது, பால் குடிக்க மறுப்பது, மூத்திரம் குறைவது, உச்சிக்குழி உள்வாங்குவது, துவண்டு கிடப்பது, இதில் எது தெரிந்தாலும் உரைமருந்தைத் தேடிக்கொண்டிருக்காமல் உடனே டாக்டரிடம் போக வேண்டும். வழியெல்லாம் தாய்ப்பாலை நிறுத்தக் கூடாது.

சொட்டு மருந்து போட்ட குழந்தைக்கும் பேதி வரலாம். பேதிக்கு ரோட்டாவைத் தவிர வேறு கிருமிகளும் உண்டு, ரோட்டாவையே மருந்து முழுசாகத் தடுப்பதில்லை. அது தடுப்பது பெரும்பாலும், ராத்திரி இரண்டு மணிக்குத் துவண்ட குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு ஆட்டோ தேடி ஓடவைக்கிற அந்தக் கடுமையான பேதியை.