வடக்கே கடல் இருக்கும் ஊர்

விமானம் கடலில்தான் இறங்குகிறது என்று நினைத்து இருக்கையின் கைப்பிடியை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். ஜன்னலுக்கு அந்தப் பக்கம் நீலம், நீலம், ஒரே நீலம்! இந்தப் பக்கம் திரும்பினால் செங்குத்தாக ஒரு சாம்பல் நிற மலை. இரண்டுக்கும் நடுவே கிடைத்த துண்டு நிலத்தில் ஓடுபாதை போட்டு வைத்திருக்கிறார்கள். சக்கரம் தரையைத் தொட்டதும் பின்னால் இருந்தவர்கள் கைதட்டினார்கள். நானும் தட்டினேன். மத்தியதரைக் கடலின் மிகப் பெரிய தீவு சிசிலி. அதன் தலைநகர் பலேர்மோ. மாஃபியாவை எதிர்த்து நின்று 1992-இல் உயிர் கொடுத்த ஃபால்கோனே, போர்செல்லீனோ என்ற இரண்டு நீதிபதிகளின் பெயரைத்தான் இந்த விமான நிலையத்துக்கு வைத்திருக்கிறார்கள்.

என்னை அழைத்துப் போக வந்து நின்றவன் என் பள்ளித் தோழன். 1990-இல் சிறுவனாக மன்னாரிலிருந்து படகேறி வந்து, எங்கள் பக்கத்து அகதி முகாமில் வளர்ந்தவன். கடலூர்ப் பக்கத்துக் குள்ளஞ்சாவடியில் இருவரும் ஒரே பெஞ்சு. முந்திரிக் கொட்டையைச் சுட்டுத் தின்று, தோல் எண்ணெய் தெறித்து உதடெல்லாம் புண்ணாகி, சேர்ந்தே அடி வாங்கியவர்கள். சொந்தக்காரர்களைப் பிடித்து அவன் இங்கே வந்து சேர்ந்து வெகுகாலம் ஆகிவிட்டது. போரிலிருந்து தப்பி வந்த ஈழத் தமிழர்கள் சில ஆயிரம் பேர் இந்த ஊரில் வாழ்கிறார்கள். பல்லாரோ சந்தைப் பக்கம் நடந்தால், கத்தரிக்காய்க் குவியலுக்குப் பின்னால் இத்தாலியக்காரர் ராகம் போட்டுக் கூவுவார். அடுத்த கடையில் மிளகாய்த்தூளுக்கும் கறிவேப்பிலைக்கும் தமிழில் பேரம் நடக்கும். பண்ருட்டிச் சந்தையைத் தூக்கி வந்து தேவாலயங்களுக்கு நடுவே வைத்தது போல இருந்தது எனக்கு.

அவன் வீட்டு மாடியில் நின்று, "கடல் எந்தப் பக்கம்?" என்று கேட்டேன். "வடக்கால" என்றான். நம்பவே முடியவில்லை! எங்களுக்குக் கடல் என்றால் கிழக்கு. சூரியன் எழும்பி வரும் திசை. குழந்தைக்குத் திசை சொல்லிக்கொடுப்பதே, 'கடலைப் பார்த்து நில், இடது கைப்பக்கம் வடக்கு' என்றுதான். இங்கே கடலைப் பார்த்து நின்றால் சூரியன் வலது தோளில் ஏறி இடது தோளில் இறங்குகிறது. ஒரு வாரமும் என் திசையெல்லாம் கலைந்தே கிடந்தது.

அந்த மாடியில் தொட்டித் தொட்டியாக ஒரு பூமரம். வெள்ளை இதழ், நடுவே மஞ்சள், மயக்கும் மணம். "பொமேலியா எண்டு சொல்லுவினம் அண்ணா, இந்த ஊர்ப் பூ" என்றார் தோழனின் மனைவி. எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. நம் கோயில் வாசல்களில் நிற்கும் அதே மரம். நம் தமிழில் அதற்குப் பெயரே ஈழத்தலரி! குளிர்காலத்தில் கிளையின் நுனி கருகாமல் இருக்க, ஒவ்வொரு நுனியிலும் முட்டை ஓட்டைத் தொப்பி போலக் கவிழ்த்து வைப்பார்களாம். போன குளிருக்கு வைத்த ஒரு ஓடு இன்னும் ஒரு கிளையில் இருந்தது. விரலால் தொட்டுப் பார்த்தேன். வெயில் நாட்டு மரத்தைக் குளிரில் பிழைக்க வைக்க இவ்வளவு கரிசனம்!

மறுநாள் காலை 806 எண் பேருந்தில் மொந்தெல்லோ. பலேர்மோக்காரர்களின் மெரினா என்று வைத்துக்கொள்ளலாம். இரண்டு மலைகளுக்கு நடுவே பிறை போல வளைந்து கிடக்கும் ஒன்றரைக் கிலோமீட்டர் வெண்மணல். ஒரு காலத்தில் இந்த இடமெல்லாம் கொசு மண்டிய சதுப்பு நிலம். தண்ணீரை வடித்துத்தான் ஊராக்கினார்கள். 1913-இல் கட்டி முடித்த குளியல் மாளிகை ஒன்று தூண்களை ஊன்றிக்கொண்டு கடலுக்குள்ளேயே நிற்கிறது. நம் ஊர்த் தெப்பக்குள மண்டபம் கடலில் இறங்கி நின்றால் எப்படி இருக்கும்? அப்படி!

மனிதர்களைப் பார்த்துத்தான் வாய் பிளந்தேன். நாங்கள் வெயில் தாழ்ந்த பிறகு, சுண்டலுக்கும் காற்றுக்கும் கடற்கரைக்குப் போகிறவர்கள். இவர்கள் உச்சி வெயிலைத் தேடி வருகிறார்கள். எண்ணெய் பூசிக்கொண்டு அப்பளம் காய்வது போல ஒருக்களித்துக் காய்ந்து, திரும்பிப் படுத்து மறுபக்கமும் காய்கிறார்கள். எண்பது வயதுப் பாட்டி நீச்சல் உடையில், இடுப்பளவு தண்ணீரில் நின்றபடி, பக்கத்துப் பாட்டியோடு ஊர்க்கதை பேசுகிறார். பேச்சு முடியும் வரை இருவரும் கரையேறவில்லை. என் அம்மா கணுக்காலுக்கு மேல் கடலில் நனைந்ததே இல்லை. அந்தப் பாட்டியைப் பார்க்கப் பார்க்க அம்மாவின் நினைப்பு வந்து தொண்டையை அடைத்தது.

நான் இறங்கவில்லை. 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு நான் கடலில் இறங்கியதில்லை. தேவனாம்பட்டினத்திலிருந்து ஓடி வந்த ஒரு குடும்பம் நாலு நாள் எங்கள் வீட்டுத் திண்ணையில் படுத்திருந்தது. அந்த வீட்டுக் கிழவர் தூக்கத்தில் எழுந்து எழுந்து கிழக்கே பார்த்ததை நான் மறக்கவே இல்லை. தோழனுக்கு இது தெரியும். "நானும் கடலுக்குப் பயந்த ஆள்தானடா. இஞ்ச வந்து மூண்டு வருசம் காலே நனைக்கேல்ல. பிறகு பிள்ளையள் இழுத்துக்கொண்டு போச்சினம்" என்றான். அதற்கு மேல் வற்புறுத்தவில்லை. கடலைமாவை வேகவைத்து, வில்லை போட்டு, எண்ணெயில் பொரித்து ரொட்டிக்குள் வைத்த 'பனெல்லே' வாங்கித் தந்தான். கடித்ததும் கடலூர் வெள்ளிக் கடற்கரையின் பஜ்ஜிக் கடை நாக்கில் வந்து நின்றது.

மூன்றாம் நாள் ரயில் ஏறினோம். கிழக்கே ஒரு மணி நேரம், செஃபலூ. கடலோரத்தில் யானை படுத்தது போல 270 மீட்டர் உயரத்துக்கு ஒரு பாறை. அதன் காலடியில் 1131-இல் கட்டத் தொடங்கிய பேராலயம். அதற்கும் கீழே தங்க மணல். கோபுரமும் கடலும் ஒரே பார்வையில் அடங்குவது திருச்செந்தூருக்குப் பிறகு இங்கேதான் எனக்கு வாய்த்தது. கடற்கரையில் பழுப்பு நிறத்தில் உருண்டை ஒன்று கிடந்தது. தேங்காய் நாரை உள்ளங்கையில் வைத்து உருட்டியது போல அத்தனை இறுக்கம், அத்தனை லேசு. கடலடியில் வளரும் பொசிடோனியா என்ற புல்லின் நாரை அலையே இப்படி உருட்டிக் கரையில் போடுகிறதாம். அந்தப் புல்வெளிதான் கடலடி மணலைப் பிடித்து வைத்திருக்கிறது. நம் கரை மணலை அடும்பங்கொடி பிடித்து வைத்திருக்கிறதே, அது போல!

திரும்பும் வழியில், தெருமட்டத்துக்குக் கீழே படியிறங்கினால் பழங்காலத்துத் துணி துவைக்கும் துறை. சிங்க முகக் குழாய்களிலிருந்து ஆற்று நீர் ஜில்லென்று கல்தொட்டிகளில் விழுகிறது. தொட்டியின் விளிம்பில் சாய்வாக வைத்த துவைகல். பெண்கள் அடித்து அடித்து வழுவழுப்பான அந்தக் கல்லில் கையை வைத்தேன். எங்கள் கிணற்றடிக் கல்லே அது.

நான்காம் நாள் காரில் மேற்கே புறப்பட்டோம். வழியெங்கும் வேலியோரம் சப்பாத்திக்கள்ளி. ஆரஞ்சும் சிவப்புமாகப் பழம். நாங்கள் சிறுவயதில் முள் குத்தக் குத்தப் பறித்துத் தின்ற பழத்துக்கு உறவுக்காரப் பழம். இங்கே அதைத் தோல் சீவி, குளிர வைத்துத் தட்டில் அடுக்கி விற்கிறார்கள். பெயர் என்ன தெரியுமா? 'இந்திய அத்தி'! உண்மையில் மெக்சிகோவிலிருந்து வந்த செடி. இரண்டு ஊர் வேலியிலும் ஏறி நின்று, இங்கே நம் நாட்டுப் பெயரைச் சூட்டிக்கொண்டிருக்கிறது.

ஸ்கொப்பெல்லோவிலிருந்து ட்சிங்கரோ காப்புக்காட்டுக்குள் நடை. ஏறக்குறைய ஏழு கிலோமீட்டர் ஒற்றையடிப் பாதை. வண்டி கிடையாது, கடை கிடையாது. ஒரு பக்கம் மலை, ஒரு பக்கம் கடல். திருப்பத்துக்குத் திருப்பம் கூழாங்கல் நிறைந்த குட்டிக் குட்டி வளைகுடாக்கள். காட்டுப் பூண்டின் வாசம், சூடேறிய பாறையின் வாசம், அடியில் உப்பின் வாசம். பாதையோரம் இடுப்பளவே வளர்ந்த குட்டைப் பனை, புதர் புதராக. ஓலை விசிறி விசிறியாக, நம் பனையின் குழந்தை மாதிரியே. அதன் ஓலையில் இந்த ஊர்க்காரர்கள் துடைப்பமும் கூடையும் முடைந்திருக்கிறார்கள். தோழன் ஒரு ஓலையைப் பிடித்துக்கொண்டு சற்று நேரம் பேசாமல் நின்றான். பனை மண்ணில் பிறந்தவன் அவன். நானும் பேசவில்லை.

இந்த இடம் தானாகத் தப்பவில்லை. இதன் வழியே கடலோரச் சாலை போட வேலை தொடங்கிவிட்டது. 1980 மே 18 அன்று ஆயிரக்கணக்கானவர்கள் இதே பாதையில் நடந்து வந்து, வேண்டாம் என்றார்கள். மறுவருடமே, 1981-இல், இது சிசிலியின் முதல் இயற்கைக் காப்பகம் ஆனது. அரைகுறையாகக் குடைந்த சுரங்கப்பாதை நுழைவாயில் பக்கம் இன்னும் இருக்கிறது. சாலை அதோடு நின்றது, கடல் பிழைத்தது. சாதாரண மக்கள், செருப்புக் காலோடு நடந்தே ஒரு கடற்கரையைக் காப்பாற்றியிருக்கிறார்கள்!

அன்று மாலை சான் வீத்தோ லோ காப்போ. இந்த நீலத்தைச் சொல்ல என்னிடம் வார்த்தை இல்லை. கரையோரம் இளநீர் நிறம், தள்ளிப் போனால் மயில் கழுத்து, அதற்கப்பால் மை. ஆறுகள் சேறு கொண்டுவந்து கலக்காத கடல், நுண்ணுயிர்களை வளர்க்கும் சத்தும் குறைவு. அதனால்தான் இத்தனை தெளிவாம். நீர்மட்டத்தின் ஏற்ற இறக்கமும் ஒரு முழத்துக்குள்தான். தோழனின் மகள் என் கையைப் பிடித்தாள். "மாமா, வாங்கோ." அந்த ஒரு சொல் போதுமானதாக இருந்தது.

முதலில் சுரீர் என்று குளிர்ந்தது. நம் கடல் வெந்நீர் போல் இதமானது. முழங்கால், இடுப்பு, மார்பு. குனிந்து பார்த்தால் என் கால் நகம் தெரிகிறது! சின்ன மீன் ஒன்று கணுக்காலை முகர்ந்துவிட்டுப் போகிறது. "மல்லாக்கப் படு மச்சான், தண்ணி தாங்கும்" என்றான். வங்கக் கடலைவிட உப்புக் கூடிய தண்ணீர்; நிஜமாகவே தாங்கியது. காதுக்குள் தண்ணீர் புகுந்து உலகம் அடங்கியது. மேலே வானம். இத்தனை வருடம் நெஞ்சில் கட்டியாகக் கிடந்த ஏதோ ஒன்று கரைந்து போனது. அழுதேன். கடலில் அழுதால் யாருக்கும் தெரியாது.

இரவுச் சாப்பாடு மீன் சாறு ஊற்றிய கூஸ்கூஸ். கோதுமை ரவையை உருட்டி, ஓட்டைச் சட்டியில் ஆவி கட்டி அவிக்கிறார்கள். ஆப்பிரிக்கக் கரை சிசிலியிலிருந்து ஏறக்குறைய 150 கிலோமீட்டர்தான். அரபுகள் இருநூறு வருடத்துக்கு மேல் ஆண்ட தீவு. "எங்கட புட்டும் மீன் குழம்பும்தானே அண்ணா இது" என்றார் தோழனின் மனைவி. அதேதான்!

செப்டம்பர் 3 இரவு, மொந்தெல்லோவுக்குக் காவல் போல நிற்கும் பெல்லெக்ரீனோ மலை மேல் ஏறினோம். 1624-இல் கொள்ளைநோய் வந்தபோது ஊரைக் காத்ததாக நம்பப்படும் சாந்தா ரொசாலியாவின் குகைக்கோயில் அங்கே. ஊரே திரண்டு ஏறுகிறது, சிலர் வெறுங்காலில். பழனிப் படியேறுவது போலவே நம் தமிழ்ப் பெண்களும் நெற்றியில் பொட்டோடு, கையில் பூவோடு ஏறுகிறார்கள். இந்துக்களும் உண்டு, கிறிஸ்தவர்களும் உண்டு. குகைக் கூரையில் கசியும் நீரைத் தகரக் கால்வாய்கள் ஏந்திக்கொண்டு போகின்றன. கீழே விளக்குப் புள்ளிகளாகப் பலேர்மோ, அதற்கப்பால் இருட்டில் கடல். எங்கள் பக்கத்துச் சமவெளியில் மலை என்றால் நெய்வேலிச் சுரங்கத்தின் மண்மேடுதான். இவ்வளவு உயரத்திலிருந்து கடலைப் பார்த்தவனில்லை நான். தோழன் கைகூப்பினான். "எங்களுக்கும் இவதான் அம்மன்" என்றான்.

எந்தக் கடற்கரை சிறந்தது என்று கேட்பீர்கள். குழந்தைகளோடு போனால் மொந்தெல்லோ. ஒரே நாளில் ஊரும் கடலும் பார்க்கச் செஃபலூ. தண்ணீருக்குச் சான் வீத்தோ. மனதுக்கு ட்சிங்கரோ, சந்தேகமே இல்லை. ஜூலை, ஆகஸ்டில் கூட்டம் நெரியும், செப்டம்பரில் போங்கள். வாடகைக் குடைகள் வரிசை கட்டிய இடத்திலும் தயங்க வேண்டாம்: அலையோரம் யாரும் மறிக்க முடியாத பொதுவழி. அது அந்த நாட்டுச் சட்டம்.

ஊர் திரும்பிய முதல் ஞாயிற்றுக்கிழமை, அம்மாவைக் கூட்டிக்கொண்டு குள்ளஞ்சாவடியில் கடலூர் பஸ் ஏறினேன். தேவனாம்பட்டினம். கிழக்கே கடல், என் திசையில். அம்மா முழங்கால் வரை இறங்கினார். என் கையை விடவில்லை. நம் கடல் கலங்கல்தான், அலை முரடுதான், ஆனாலும் நம்முடையது. நீங்களும் இந்த வாரம் உங்கள் வீட்டுப் பெரியவர்களை அழைத்துப் போங்கள். கொண்டுபோன பிளாஸ்டிக்கைத் திரும்பக் கொண்டுவாருங்கள். மணலில் படர்ந்திருக்கும் அடும்பங்கொடியை மட்டும் பிடுங்காதீர்கள். கரையைப் பிடித்து வைத்திருப்பது அதுதான்.