கல்லறைத் திருநாளில் வந்த பாட்டு

2023 நவம்பர் 2, வியாழக்கிழமை. உச்சிப்புளி கடைத்தெருவில் அந்த மைக் செட் கடையின் முன்பக்கம் காலியாகக் கிடந்தது. நாலு குழாயும் இரண்டு பாக்ஸும் மதியமே வண்டியேறி மண்டபம் பக்கம் போய்விட்டன. அன்று கல்லறைத் திருநாள். கடற்கரை ஊர்களில் கல்லறைகளைக் கழுவி, பூ வைத்து, மெழுகுவத்தி ஏற்றிப் பூசை நடக்கும். சாமியாரின் குரல் கடைசியில் நிற்பவருக்கும் கேட்க வேண்டும்.

கடையில் என்னைத் தவிர இருந்தவர்கள் இரண்டு பேர்தான். அறுபதைத் தாண்டிய மைக் செட்காரர், ராமநாதபுரத்தில் படிக்கும் அவருடைய அக்கா மகன். பழுது பார்க்கக் கொடுத்த ரேடியோவை வாங்கிப்போக வந்து பெஞ்சில் உட்கார்ந்திருந்த என்னை இருவரும் சீக்கிரமே மறந்துபோனார்கள்.

"மாமா, ஏழரைக்கு ஒரு பாட்டு வருது. ஆம்ப்ல போட்டுக் கேக்கணும்."

"என்ன படம்?"

"படம் இல்ல மாமா. பீட்டில்ஸ். அவங்களோட கடைசிப் பாட்டு."

"அவங்கள்லாம் இன்னும் இருக்காங்களா?"

"நாலு பேர்ல ரெண்டு பேர் இருக்காங்க."

மாமா நிமிர்ந்து பார்த்தார். கையில் இருந்த சால்டரிங் கம்பியை ஸ்டாண்டில் வைத்தார்.

பையன் முதலில் அந்தப் பாட்டின் பழைய பதிவைப் போட்டான். நால்வரில் ஒருவரான ஜான் லெனன் 1970களின் பிற்பகுதியில் நியூயார்க்கில், டகோட்டா கட்டடத்துத் தன் வீட்டில், பியானோவை வாசித்தபடியே சாதாரண கேசட்டில் பாடி வைத்தது. பீட்டில்ஸ் குழு பிரிந்து பல வருடம் ஆகியிருந்தது. 1980 டிசம்பர் 8 அன்று அதே கட்டட வாசலில் அவர் சுட்டுக் கொல்லப்பட்டார். 1994இல் அவர் மனைவி யோகோ ஓனோ அந்தக் கேசட்டை மற்ற மூவருக்கும் கொடுத்தார்.

பாட்டு தொடங்கியதுமே மாமா காதைச் சாய்த்தார். மெட்டையோ வார்த்தையையோ அவர் கவனித்ததாகத் தெரியவில்லை. குரலுக்கு அடியில் ஓடிய இரைச்சலைத்தான் பிடித்தார்.

"ஹம் அடிக்குதே. எர்த் சரியில்ல."

நூறு திருவிழா பார்த்த காது அது. பேஸ் குமிழை ஒரு சுற்றுக் குறைத்தார். இரைச்சலோடு பியானோவும் இறங்கியது. டிரெபிளைத் தொட்டார், குரல் தகரமானது. பழையபடி வைத்துவிட்டார். ஒரே கேசட்டில் ஒன்றாகப் பதிந்த குரலையும் வாத்தியத்தையும் கரண்டுச் சத்தத்தையும் குமிழ் பிரிக்காது. அமெரிக்க மின்சாரம் நொடிக்கு 60 சுற்று, நம்முடையது 50; இரைச்சலின் உயரம்தான் கொஞ்சம் வேறு. 1995இல் பால் மெக்கார்ட்னி, ஜார்ஜ் ஹாரிசன், ரிங்கோ ஸ்டார் மூவரும் தயாரிப்பாளர் ஜெஃப் லின்னோடு உட்கார்ந்து முட்டி நின்றதும் இதே இடத்தில்தான். யோகோ கொடுத்தவற்றில் இரண்டு பாட்டுகளை முடித்து வெளியிட்டார்கள். 'நவ் அண்ட் தென்' என்ற இதை மட்டும் எடுத்து வைத்துவிட்டார்கள். 2001 நவம்பர் 29இல் ஹாரிசனும் போனார்.

"அப்புறம் இப்ப எப்படி?"

"பிரிக்கிறதுக்குன்னு மெஷின் வந்துருச்சு மாமா."

பையன் சொன்னது சரி. பீட்டர் ஜாக்சன், 2021இல் வெளியான 'கெட் பேக்' ஆவணப்படத்துக்காகப் பீட்டில்ஸின் 1969ஆம் ஆண்டு ஒலிநாடாக்களை எடுத்தபோது, ஒரே தடத்தில் கலந்துகிடந்த பேச்சையும் கிட்டாரையும் டிரம்ஸையும் தனித்தனியாகப் பிரிக்கக் கணினியைப் பழக்கினார்கள். மறு வருடம் அதே முறையில் லெனனின் கேசட்டைப் பிரித்தார்கள். பியானோ ஒதுங்கியது. இரைச்சல் ஒதுங்கியது. குரல் மட்டும் தனியே நின்றது. மெக்கார்ட்னி புதிதாக பேஸ் வாசித்தார், ஸ்டார் டிரம்ஸ் வாசித்தார். 1995இல் ஹாரிசன் வாசித்து வைத்திருந்த கிட்டாரை அப்படியே எடுத்துக்கொண்டார்கள். நடுவில் வரும் ஸ்லைடு கிட்டாரை மெக்கார்ட்னி, ஹாரிசன் வாசிக்கும் பாணியில் வாசித்தார். லாஸ் ஏஞ்சலிஸில் கேபிடல் ஸ்டூடியோவில் வயலின் பகுதிகளைப் பதிந்தபோது, வாசித்தவர்களுக்கே இது பீட்டில்ஸ் பாட்டு என்று சொல்லவில்லை. மெக்கார்ட்னியின் சொந்தப் பாட்டு என்றுதான் சொல்லியிருந்தார்கள்.

லண்டனில் மதியம் இரண்டு, உச்சிப்புளியில் ஏழரை. பையன் போனில் விரலை வைத்தபடி காத்திருந்தான். ராமேஸ்வரம் ரோட்டில் ஒரு பஸ் ஹாரனை அழுத்திக்கொண்டே போனது. அது போய் முடியட்டும் என்று மாமா கையைக் காட்டினார்.

மெக்கார்ட்னி தாளத்துக்கு எண்ணும் குரல் முதலில் வந்தது. பிறகு பியானோ. அதன்மேல் லெனன். சற்று முன் இரைச்சலுக்குள் மாட்டிக்கிடந்த அதே ஆள் இப்போது மைக்குக்குப் பக்கத்தில் வந்து நின்று பாடினார். மாமா குமிழ் எதையும் தொடவில்லை. அதுதான் அவருடைய பாராட்டு என்று நினைக்கிறேன். நாலு நிமிடத்துக்கும் கொஞ்சம் மேலே ஓடியது. நடுவில் பழைய பீட்டில்ஸ் பாட்டுகளிலிருந்து எடுத்துச் சேர்த்த கோரஸ் குரல்கள் வந்தபோது மட்டும், "இது வேற காலத்துச் சத்தமால்ல இருக்கு" என்று முணுமுணுத்தார். அவ்வளவு துல்லியமாகச் சொன்னார்.

முடிந்ததும் அவர் பேசியது வேறு. வடக்கே பாக் விரிகுடா, தெற்கே மன்னார் வளைகுடா என்று கிடக்கும் இந்த நிலத்தில் இலங்கை வானொலி பக்கத்து வீட்டுப் பேச்சுப்போலத் தெளிவாகக் கேட்ட காலம் அவருடையது. "நான் மொத மொத கிட்டார் கேட்டது சிலோன் மனோகர் பாட்டுலதான். அப்ப ரேடியோவக் குழாயில கட்டிவிட்ருவேன், தெருவே கேக்கும்" என்றார். சிலோன் மனோகர் என்ற ஏ.இ. மனோகரனின் பொப்பிசையும் பீட்டில்ஸும் அந்தக் கடையில் ஒரே வரிசையில் உட்கார்ந்தது எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

பிறகு கேட்டார்: "மாப்ள, இதுல மெஷின் எதாச்சும் பாடிருக்கா?"

"இல்ல மாமா. பிரிச்சுக் குடுத்ததோட சரி."

"அப்ப அவரு பாடுனதுதான்."

இந்தக் கேள்வி தமிழ்நாட்டுக்கு அடுத்த சில மாதங்களிலேயே வந்து சேர்ந்தது. 2024 தொடக்கத்தில் 'லால் சலாம்' படப் பாட்டு ஒன்றில் 1990களின் பிற்பகுதியில் இறந்த சாகுல் ஹமீதின் குரலும், 2022இல் இறந்த பம்பா பாக்யாவின் குரலும் செயற்கை நுண்ணறிவால் உருவாகி வந்தன. குடும்பத்தாரிடம் அனுமதி வாங்கி, உரிய தொகையும் கொடுத்ததாக ஏ.ஆர். ரகுமான் சொன்னார். அது கண்ணியமான வழி. அதே வருடம் 'வேட்டையன்' படத்தில் மலேசியா வாசுதேவனின் குரலும் அப்படியே வந்தது. கேட்டபோது எனக்கும் தொண்டை அடைத்தது. ஆனாலும் அவை அவர்கள் மூச்செடுத்துப் பாடாத பாட்டுகள். லெனன் தன் பாட்டைத் தானே பாடிவிட்டுப் போயிருந்தார். நண்பர்கள் அதன் தூசியைத் துடைத்து, தங்கள் பங்கை வாசித்து, விடைபெற்றார்கள். இந்த இரண்டையும் ஒரே பெயரில் அழைக்க எனக்கு மனம் வரவில்லை. 1962இல் வந்த பீட்டில்ஸின் முதல் சிங்கிள் 'லவ் மீ டூ'வையே 'நவ் அண்ட் தென்' இசைத்தட்டில் துணையாக வைத்திருக்கிறார்கள். பிரிட்டனில் பாட்டு முதலிடம் பிடித்தது, 2025இல் கிராமி வாங்கியது. அதெல்லாம் பின்னால் நடந்தவை.

அன்று இரவு நான் பார்த்ததைச் சொல்லிவிடுகிறேன். மாமா இரும்பு பீரோவைத் திறந்து ஒரு கேசட்டை எடுத்தார். மேலே பேனாவில் 'வள்ளித்திருமணம்' என்று எழுதியிருந்தது. எப்போதோ ஒரு கோயில் திருவிழாவில் நடந்த நாடகத்தை அவரே ஆம்பிலிருந்து லைன் எடுத்துப் பதிந்தது. பஞ்சில் ஸ்பிரிட் தொட்டு டெக்கின் ஹெட்டைத் துடைத்து, கேசட்டைச் செருகினார். ராஜபார்ட்டின் குரல், ஆர்மோனியம், மேடைக்குப் பின்னால் ஓடிய ஜெனரேட்டர், எல்லாம் ஒன்றாகக் கொட்டியது. பாடியவர் இப்போது இல்லை என்றார். பையன் அதைப் போனில் ஏற்றி, குரலைப் பிரிக்கும் செயலி ஒன்றில் போட்டான். சுற்றிக்கொண்டே இருந்து, கடைசியில் ராஜபார்ட்டின் குரல் தனியாக வந்தது.

"சுத்தமா வந்துருச்சு மாமா. மத்ததெல்லாம் கழிச்சு விட்டுரட்டுமா?"

"ஏய், பொறு. ஆர்மோனியத்த எடுக்காத. பெட்டி வாசிச்சது உங்க பெரிய மாமா. ஜெனரேட்டரை மட்டும் எடு."

"சனங்க சிரிக்கிற சத்தம் கெடக்கே?"

"அது இருக்கட்டும்."