காரியாபட்டியில் திறக்காத பில் மென்பொருள்

மதுரையிலிருந்து அருப்புக்கோட்டை போகும் வழியில், காரியாபட்டியில் உள்ள ஒரு கம்ப்யூட்டர் சர்வீஸ் கடை. தீபாவளி நெருங்கும் நேரம். பட்டாசுக் கடை அண்ணாச்சி ஒருவர் தன் பழைய சிபியுவைத் தூக்கி வந்திருந்தார். பொறியியல் மாணவர் ஒருவர் எழுதிக்கொடுத்த பில் மென்பொருள் அதில் திறக்கவே இல்லை.

"என் லேப்டாப்ல நல்லா ஓடுதுண்ணே" என்றார் மாணவர்.

கடைக்காரர் டெர்மினலைத் திறந்து ஓட்டிப் பார்த்தார். லினக்ஸின் அடிப்படை சி லைப்ரரியான ஜிலிப்சியின் 2.34 பதிப்பு இல்லை என்று ஒரு வரி வந்து நின்றது. எல்டிடி கட்டளை கொடுத்தார். தேவையான லைப்ரரிகள் எல்லாமே வட்டில் இருந்தன. "ஃபைல் இருக்கு தம்பி, பதிப்புதான் பத்தல" என்றார்.

லேப்டாப்பில் இருந்தது உபுண்டு 22.04, அதன் ஜிலிப்சி 2.35. சிபியுவில் உபுண்டு 20.04, அங்கே 2.31. ஜிலிப்சி ஃபைலின் பெயர் இரண்டிலும் லிப்சி.எஸ்ஓ.6 தான். ஆனால் உள்ளே ஒவ்வொரு ஃபங்ஷனுக்கும் பதிப்புக் குறி உண்டு. 2021 ஆகஸ்டில் வந்த 2.34, த்ரெட் லைப்ரரியை லிப்சிக்குள்ளேயே சேர்த்தது. நிரலைத் தொடங்கி வைக்கும் ஃபங்ஷனுக்கும் அப்போது புதுக் குறி விழுந்தது. அதனால் 'வணக்கம்' என்று மட்டும் அச்சிடும் நிரலைக்கூடப் புது உபுண்டுவில் கம்பைல் செய்தால் பழையதில் ஏறாது. பழையதில் செய்தது புதியதில் ஓடும், ஏனென்றால் பழைய குறிகளையும் ஜிலிப்சி விடாமல் வைத்திருக்கிறது.

அடுத்து ரீட்எல்ஃப் கருவி கொண்டு நிரல் ஃபைலின் தலைப்பகுதியைக் காட்டினார். ஐந்தாவது பைட் 1 என்றால் 32 பிட், 2 என்றால் 64 பிட். பிராசஸர் எண் 62 என்றால் 64 பிட் இன்டெல், ஏஎம்டி வகை. 183 என்றால் 64 பிட் ஆர்ம். நிரலை ஏற்றும் லோடர் இவற்றையும் லைப்ரரியின் பெயரையும் பதிப்புக் குறியையும் சரிபார்க்கும். அவ்வளவுதான். பெட்டியின் லேபிளைப் படித்துவிட்டு உள்ளே இருக்கும் வெடியை நம்புவது மாதிரி.

"வேற லைப்ரரின்னா, பழைய பேர்ல சிம்லிங்க் போட்டு ஏத்திரலாமாண்ணே?" என்று கேட்டார் மாணவர். பலரும் செய்யும் குறுக்குவழி இது. கடைக்காரர் ஒத்துக்கொள்ளவில்லை, எனக்கும் அது தவறு என்றே தோன்றுகிறது. ஓபன்எஸ்எஸ்எல் போலப் பதிப்புக் குறி உள்ள லைப்ரரி அந்த ஏமாற்றைப் பிடித்துவிடும். குறி இல்லாத லைப்ரரியோ சத்தமில்லாமல் ஏறிவிடும். புதுப் பதிப்பில் ஸ்ட்ரக்சரின் நடுவே ஒரு புலம் கூடியிருந்தால், விலை இருக்க வேண்டிய இடத்தில் எண்ணிக்கை வந்து உட்காரும். பிழைச் செய்தி எதுவும் வராமல் பில் தப்பாக அச்சாகும். நஷ்டம் அண்ணாச்சிக்கு. திறக்க மறுக்கும் மென்பொருள் இதைவிட ஆயிரம் மடங்கு மேல்.

மூல நிரலை அந்தச் சிபியுவிலேயே மறுபடி கம்பைல் செய்தார்கள். இப்போது அது கேட்ட உச்சப் பதிப்பு 2.14. பில் வந்தது.

ஊர்க் கடைகளுக்கு மென்பொருள் எழுதும் தம்பி தங்கைகளே, வாடிக்கையாளரிடம் உள்ள ஆகப் பழைய சிஸ்டத்தில் கம்பைல் செய்யுங்கள். கையில் கொடுக்கும் முன் ரீட்எல்ஃபில் பதிப்புக் குறிகளை ஒருமுறை பார்த்துவிடுங்கள்.