ஒன்றை ஐந்தாக்கினேன்

ஓமந்தையில் ஒரு தச்சுப்பட்டறைக்கு நான் செய்து கொடுத்த சேர்வோ மோட்டார்ப் பலகை குறைபாடானது. கொடுக்கும்போதே அது எனக்குத் தெரியும்.

கதவில் பூவும் கொடியும் செதுக்குகிற கணினி இயந்திரத்தின் மோட்டாரை ஓட்டும் பலகை அது. எங்கே போகவேண்டும் என்று கணினி சொல்லும். மோட்டார் உண்மையில் எங்கே நிற்கிறது என்று அதன் பின்புறத்து என்கோடர் சொல்லும். இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தைப் பார்த்துப் பார்த்து, விநாடிக்கு ஆயிரம் தடவை, மோட்டாருக்கான கட்டளை திருத்தப்படும். வித்தியாசம் அளவு மீறினால் இயந்திரம் தானாகவே நிற்கவேண்டும். இயந்திரத்தை ஓட்டும் லினக்ஸ் சிஎன்சி மென்பொருளில் அந்த எல்லைக்கு எஃபெரர் (FERROR) என்று பெயர். நான் 1 மில்லிமீற்றர் வைத்திருந்தேன்.

சோதனை ஓட்டத்தில் வேகமான வளைவு வந்தாலே இயந்திரம் நின்றது. காரணத்தைத் தேடி அலையத் தேவையிருக்கவில்லை. பலகையின் சூட்டை வெளியேற்ற நான் போட்ட ஹீற்சிங்க் சிறியது, பெட்டிக்குள் காற்றோட்டம் இல்லை. தகரக் கூரைக்குக் கீழே வன்னி வெக்கையில், மோட்டாருக்குக் கறண்டை விடுகிற மொஸ்ஃபெட்டுகள் கொதித்தன. அவை எரியாமலிருக்கக் கறண்டின் உச்ச அளவைக் குறைத்துவிட்டவன் நானேதான். கறண்ட் குறைந்தால் முறுக்குவிசை குறையும். திரும்புகிற இடத்தில் மோட்டார் பின்தங்கும். பெரிய ஹீற்சிங்கும் ஒரு காற்றாடியும் பூட்டிவிட்டுக் கறண்டைக் கூட்டியிருக்கவேண்டும். நானோ எஃபெரரில் இருந்த 1ஐ அழித்துவிட்டு 5 என்று எழுதினேன்.

இயந்திரம் நிற்காமல் ஓடியது. "இப்ப நல்லா ஓடுது தம்பி" என்றார் பட்டறை அண்ணை. காசை வாங்கிக்கொண்டு வந்தேன்.

தாமரை இதழ்களின் கூர் மழுங்கி வருகிறது என்று பிறகு அவர் சொன்னபோது, செதுக்குகிற பிற் தேய்ந்திருக்கும் என்றேன். மனிசன் நம்பிப் புதுப் பிற் வாங்கினார். இதை எழுதும்போதும் கை கூசுகிறது. இதழாவது அழகுப் பிரச்சினை. என்கோடர் வயர் அறுந்தால் மோட்டார் கண்மண் தெரியாமல் ஓடும். அதைப் பிடித்து நிறுத்த இருந்தது இந்த எல்லைதான். அதைத்தான் ஐந்து மடங்கு தளர்த்திவைத்தேன்.

மனதுக்குள் ஒரு சாக்கு இருந்தது. போரின்போது, பொருளாதாரத் தடைக் காலத்தில் வன்னிக்குள் பற்றரிக்கும் தடை. சைக்கிள் டைனமோவைச் சுற்றி றேடியோ கேட்ட சனம் நாங்கள், உள்ளதை வைத்து ஓட்டுவது எங்களுக்குக் கைவந்த கலை என்று. அது முந்தியவர்களின் கெட்டித்தனம். அவர்களுக்கு வேறு வழி இருக்கவில்லை. ஓமந்தைச் சோதனைச்சாவடியில் பொதியை அவிழ்த்துக் காட்டிய காலம் போய்விட்டது. 2011இலேயே ரயிலும் ஓமந்தைக்கு வந்துவிட்டது. கொழும்புக்குப் போகிற ஒருவரிடம் சொல்லிவிட்டிருந்தால் புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவில் ஹீற்சிங்க் வாங்கி வந்திருப்பார். எனக்கு இருந்தது பஞ்சி. அதோடு, முதலில் கீறிய வடிவம் பிழை என்று ஒத்துக்கொள்ள விடாத கெப்பர்.

கடைசியில் அண்ணையிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டுப் பலகையைக் கழற்றி எடுத்து வந்தேன். பிற்றுக்குச் செலவழித்த காசையும் கொடுத்தேன். வாங்கிக்கொண்டார், ஒன்றும் பேசவில்லை.

அதே வடிவத்தில் வேறு சிலருக்கும் செய்து கொடுத்திருக்கிறேன். வாங்கியவர்கள் லினக்ஸ் சிஎன்சியின் ஐஎன்ஐ கோப்பைத் திறந்து எஃபெரருக்கு எதிரே என்ன இருக்கிறதென்று பாருங்கள். 5 என்று இருந்தால் அதை எழுதியவன் நான். இயந்திரத்தை நிறுத்திவிட்டு எனக்கு அறிவியுங்கள். பலகையை மாற்றித் தருகிறேன், காசு வேண்டாம்.