நரம்பு விற்கும் கடை

மாலை நாலரை மணிக்கே அந்தமானின் அபர்டீன் பஜாரில் வெயில் சாய்ந்துவிட்டது. டிசம்பர் மாதம். சென்னையில் இந்நேரம் பள்ளிக்கூடம் விட்ட பிள்ளைகள் வியர்த்துப்போய் வீட்டுக்கு நடந்துகொண்டிருப்பார்கள். இங்கே ஐந்து மணி அடிக்கும்போது சூரியன் கீழே போய்விடும். தீவு கிழக்கே வெகு தூரம் தள்ளிக் கிடந்தாலும் கடிகாரம் தேசத்தின் கடிகாரம்தான். மணிக்கூண்டு காட்டும் நேரம் ஒன்று, கண் அறியும் நேரம் இன்னொன்று. பார்வை நரம்புகள் இரண்டும் குறுக்கே சந்திக்கும் இடத்துக்குச் சற்று மேலே, அரிசிமணியைவிடச் சிறிய ஒரு நரம்பணுக் கூட்டம் உட்கார்ந்து உடம்புக்கு நேரம் வைக்கிறது. அதற்கு இந்திய நேரம் தெரியாது, வெளிச்சம்தான் தெரியும். ஐந்து மணிக்கே இந்தக் கடைவீதிக்கு ராத்திரிக் களை வந்துவிடுவது அதனால்தான்.

மணிக்கூண்டிலிருந்து இறங்கும் சரிவில் அந்தக் கடை இருக்கிறது. நைலான் கயிறு, தார்ப்பாய், ஈயக்குண்டு, மிதப்பு, தூண்டில் முள். வாசலில் ஆணி ஆணியாகத் தொங்குவது தூண்டில் நரம்பு. தங்கூஸ் என்றும் சொல்வார்கள். ஆனால் வருகிற தமிழர்கள் எல்லாரும் "நரம்பு இருக்கா?" என்றுதான் கேட்கிறார்கள். நான் எதிர்ப்பக்கம் டீக்கடைப் பலகையில் உட்கார்ந்திருக்கிறேன். வாங்க வேண்டியது ஒன்றுமில்லை.

கல்லாவை ஒட்டிப் பிளாஸ்டிக் நாற்காலியில் ஒரு பெரியவர். வெள்ளைச் சட்டையின் மேல் பொத்தான்வரை யாரோ கவனமாகப் போட்டுவிட்டிருக்கிறார்கள். வலது கை மடியில் கிடக்கிறது. வைத்திருக்கிறார் என்று சொல்ல முடியாது, கிடக்கிறது. விரல்கள் உள்ளே மடங்கியிருக்கின்றன. வாயின் வலது ஓரம் கொஞ்சம் இறங்கியிருக்கிறது. வியாபாரத்தை மருமகள் பார்க்கிறார். சின்னப் பேத்தி ஒருத்தி ஈயக்குண்டுகளை அடுக்கிக் கலைத்து மறுபடி அடுக்குகிறாள்.

ஊரில் இதை "கை கால் விழுந்துருச்சு" என்பார்கள். விழுந்தது வலது கை, ஆனால் அடி பட்டது மூளையின் இடது பாதியில். கை கால்களை ஏவுவதற்காகப் பெருமூளையிலிருந்து இறங்கும் இழைகளில் பெரும்பங்கு, முகுளத்தில் பக்கம் மாறிக்கொள்கின்றன. மூளையின் அடியில், தண்டுவடம் தொடங்கும் இடம்தான் முகுளம். மூச்சையும் இதயத் துடிப்பையும் காப்பதும் அங்கேதான். அந்த இடம் தப்பியதால் இவர் மூச்சு சீராக ஓடுகிறது. மாறிப்போன இழைகள் தண்டுவடத்தில் இறங்கிச் சேதியைக் கைமாற்ற, அங்கிருந்து 31 இணை நரம்புகள் அதை உடம்பெங்கும் கொண்டுபோகின்றன. அவருடைய வலது கையில் எலும்பும் தசையும் முன்போலவே இருக்கின்றன. கட்டளை வரவில்லை, அவ்வளவுதான்.

தமிழில் நரம்பு என்ற சொல்லுக்கு வேலை அதிகம். யாழின் தந்தி நரம்பு. வெற்றிலையில் கிள்ளி எடுப்பது நரம்பு. ஆஸ்பத்திரியில் ஊசி போட வரும் நர்ஸ் "நரம்பு கிடைக்கலியே" என்று கையைத் தட்டிப் பார்ப்பது இரத்தக் குழாயை. மூளையின் சேதி போகும் கம்பியும் நரம்புதான். பேச்சுவழக்கில் இது யாருக்கும் குறையாகப் படுவதில்லை. ஆனால் பக்கவாதம் வரும்போது இரத்தக் குழாயையும் நரம்பையும் பிரித்துத் தெரிந்துகொள்வது உயிர்காக்கும் காரியம். பக்கவாதம் நரம்புத் தளர்ச்சி அல்ல. பெரும்பாலும் அது இரத்தக் குழாயில் ஓர் அடைப்பு, சிலருக்கு ஒரு வெடிப்பு. மூளையின் எடை ஏறத்தாழ 1.4 கிலோ, உடம்பில் ஐம்பதில் ஒரு பங்கு. ஆனால் உடம்பு செலவழிக்கும் ஆற்றலில் ஐந்தில் ஒரு பங்கை அதுவே எடுத்துக்கொள்கிறது. அப்படி எடுத்தும் சேமித்து வைக்க அதற்கு இடமில்லை. அன்றன்றைக்கு வாங்கி அன்றன்றைக்குச் சமைக்கும் குடித்தனம் அது. பெரிய குழாய் ஒன்று அடைத்துக்கொண்டால் நிமிடத்துக்கு 19 லட்சம் நரம்பணுக்கள் சாகின்றன என்று கணக்கிட்டிருக்கிறார்கள். மொத்தம் இருப்பது 8,600 கோடி என்பது ஆறுதல் ஆகாது. பேச்சை வைத்திருக்கும் பகுதி நாலைந்து விரல் அகலம்கூட இருக்காது.

பெரியவர் இடது கையைத் தூக்கினார். "அது…" என்றார். மருமகள் திரும்பினார். "அது… அந்த… அது."

"தண்ணியா மாமா?"

இல்லை என்று தலையாட்டினார். "அது."

"விசிறியா? ஃபேன் போடவா?"

கண்ணை மூடிக்கொண்டார். முகத்தில் கோபம் இல்லை, களைப்பு. சொல் உள்ளே இருக்கிறது. அது இருப்பது அவருக்குத் தெரிகிறது. வாய் எந்த வடிவத்தில் குவிய வேண்டும், எதற்கு அடுத்து எது வர வேண்டும் என்ற ஏற்பாடுதான் நடக்கவில்லை. பேத்தி எழுந்து போய் விளக்கைப் போட்டாள். பெரியவர் கண்ணைத் திறந்தார். விளக்குதான் வேண்டியிருந்திருக்கிறது. இருட்டிக்கொண்டு வந்ததைக் கடையில் முதலில் கவனித்தவர் அவர்தான்.

இவரைப் போலவே சொல் சிக்கிக்கொண்ட லெபோர்ன் என்ற நோயாளி 1861இல் பாரிஸில் இறந்தார். இருபது ஆண்டுகளுக்கு மேலாக அவருக்கு வாயில் வந்தது "தான்" என்ற ஒரே ஓசைதான். எதைக் கேட்டாலும் "தான், தான்". பிறர் பேசுவது அவருக்குப் பெரும்பாலும் விளங்கியது. இறந்த பிறகு பால் புரோக்கா என்ற மருத்துவர் அவருடைய மூளையைப் பார்த்து, இடது நெற்றிப் பொட்டுக்குப் பின்னால் ஒரு பகுதி அழிந்துபோயிருப்பதைக் காட்டினார். பேச்சைக் கோக்கும் இடம் என்று அதற்குப் புரோக்காவின் பெயரையே வைத்தார்கள். கேட்ட பேச்சை விளங்கிக்கொள்ளும் இடம் இன்னும் பின்னால், இடது காதுக்கு மேலே இருக்கிறது. இரண்டுக்கும் இரத்தம் வருவது ஒரே பெரிய குழாயின் தனித்தனிக் கிளைகளில். முன்கிளை அடைத்தால் சொல் போகும், பொருள் நிற்கும். பின்கிளை அடைத்தால் சொல் கொட்டும், பொருள் இருக்காது.

இந்தப் பெரியவருக்குப் பொருள் நிற்கிறது. தார்ப்பாய் வாங்க வந்த ஒருவர் தெலுங்கில் ஏதோ சொல்லி மருமகளைச் சிரிக்கவைத்தார். பெரியவரும் சிரித்தார். அப்போது கவனித்தேன், அந்தச் சிரிப்பில் வாயின் கோணல் இல்லை. இரண்டு ஓரமும் ஒன்றாக மேலே போயின. "சிரிங்க பார்ப்போம்" என்று மருத்துவர் சொன்னால் கோணுகிற வாய், தானாக வரும் சிரிப்பில் சிலருக்கு நேராகிவிடும். ஏவிச் சிரிப்பதற்கு மூளையில் ஒரு பாதை, உணர்ந்து சிரிப்பதற்கு இன்னொரு பாதை. முதல் பாதை அறுந்தாலும் இரண்டாவது இருக்கலாம். அவர் சிரித்து முடித்தபோது வாய் மறுபடி இறங்கிக்கொண்டது.

சரிவில் ஒரு சுமையாள் அரிசி மூட்டையைப் பிடரியில் தாங்கி இறங்குகிறார். ஒவ்வோர் அடியிலும் முழங்காலை எவ்வளவு மடக்குவது என்று அவர் யோசிப்பதில்லை. பின்தலையில் இருக்கும் சிறுமூளை பார்த்துக்கொள்கிறது. பெயரில்தான் சிறுமை, நரம்பணுக்களில் ஐந்தில் நான்கு பங்கு அதற்குள்தான் இருக்கின்றன. டீக்கடைப் பையன் கொதிக்கும் பாத்திரத்தைத் தொட்டு வெடுக்கென்று கையை இழுத்தான். இழுக்கச் சொன்னது தண்டுவடம். சுட்டது என்ற செய்தி மூளைக்குப் போவதற்குள் கை வந்துவிட்டது. பிறகுதான் "ஸ்ஸ்" என்றான்.

கால் மணி நேரத்தில் அந்தக் கடை வாசலில் தமிழ், இந்தி, வங்காளம், தெலுங்கு, மலையாளம் ஐந்தையும் கேட்டேன். மருமகள் நான்கில் பதில் சொல்கிறார். ஒரு மொழியை எடுக்கும்போது மற்ற மூன்றையும் மூளை அடக்கிவைக்க வேண்டும், ஆள் மாறினால் ஒரு நொடியில் மாற்றித் திறக்க வேண்டும். இந்த வேலை வீண்போவதில்லை. ஐதராபாத்தில் நிஜாம் மருத்துவ அறிவியல் நிறுவனத்தில் சுவர்ணா அல்லாடி குழுவினர் 648 மறதிநோயாளர்களைப் பார்த்து 2013இல் எழுதினார்கள். ஒன்றுக்கு மேற்பட்ட மொழி பேசியவர்களுக்கு நோய் நாலரை ஆண்டு தாமதித்து வந்திருந்தது. பள்ளிக்கூடமே போகாதவர்களிடமும் அந்த வேறுபாடு இருந்தது. பிறகு பக்கவாதம் வந்த 608 பேரைப் பார்த்தார்கள். சிந்தனையும் நினைவும் கெடாமல் மீண்டவர்கள் ஒருமொழிக்காரர்களில் நூற்றுக்கு இருபது பேர், பலமொழிக்காரர்களில் நாற்பது பேர். ஆனால் பேச்சிழப்பு மட்டும் இரு தரப்பிலும் ஏறத்தாழ ஒரே அளவு. பல மொழிகள் அறிவைக் காத்திருக்கின்றன, நாக்கைக் காக்கவில்லை. எதிரே உட்கார்ந்திருப்பவரைப் பார்க்கும்போது இந்தக் கணக்கு எனக்கு வெறும் கணக்காகப் படவில்லை.

சிறுபடகு ஓட்டும் டிங்கிக்காரர் ஒருவர் வந்தார். வங்காளி. உப்புக் காய்ந்த கால்சட்டை. "தாதா" என்று பெரியவரைக் கும்பிட்டார். பேத்தி கூப்பிடும் தாத்தாவுக்கும் இவர் கூப்பிடும் தாதாவுக்கும் ஒரு எழுத்துதான் வித்தியாசம். தடிமனான கயிறு பன்னிரண்டு பாகம் வேண்டுமாம். மருமகள் இரண்டு கையையும் அகல விரித்து அளக்கத் தொடங்கினார்.

"ஒண்ணு" என்றது ஒரு குரல். கரகரப்பான, தடங்கலில்லாத குரல். "ரெண்டு. மூணு. நாலு."

பெரியவர்தான் எண்ணினார். பன்னிரண்டுவரை ஒரு தட்டலும் இல்லாமல் ஓடியது. "அது" என்ற சொல்லைத் தாண்ட முடியாதவர் பன்னிரண்டு சொற்களை வரிசையாகச் சொன்னார். எண்ணுவது, கிழமை சொல்வது, சாமிப் பாட்டு, வாழ்நாள் முழுக்கச் சொல்லிப் பழகியவை எல்லாம் புதிதாகக் கோக்க வேண்டாதவை. அவற்றின் இருப்பிடம் வேறு, வழி வேறு. பாட்டின் மெட்டைப் பிடித்துக்கொண்டு பேச்சை மீட்கும் பயிற்சிகூட இதை நம்பித்தான் நடக்கிறது.

டிங்கிக்காரர் விலை கேட்டார், மருமகளிடம் அல்ல, பெரியவரிடம். பெரியவரின் உதடு அசைந்தது, நின்றது. மருமகள் வாயெடுத்தார். டிங்கிக்காரர் கையை லேசாக உயர்த்தினார், அவரே சொல்லட்டும் என்பதுபோல. ஐந்நூறு ரூபாய்த் தாளைப் பிடித்தபடி நின்றார். பின்னால் இன்னும் இருவர் காத்திருந்தார்கள்.

"பத்து" என்றார் பெரியவர், மெதுவாக. "இருவது. முப்பது. நாப்பது." அங்கே நிறுத்தினார்.

"சாலீஸ்?"

தலையாட்டினார். பாகம் நாற்பது ரூபாய். தனியாக எடுக்க முடியாத எண்ணை, வரிசையின் படியில் ஒவ்வொன்றாக ஏறிப் போய் எடுத்துவந்திருக்கிறார். இடது கையால் கல்லாவைத் திறந்து இருபது ரூபாய்த் தாளை எடுத்து நீட்டினார். கணக்குச் சரி.

பேச ஆளில்லாமல் போன ஒருவரும் இதே தீவுகளில் இருந்திருக்கிறார். போ மொழியின் கடைசிப் பேச்சாளரான போவா சீனியர் 2010 ஜனவரி 26 அன்று இறந்தார். பெரிய அந்தமானிய மொழிகளை ஆராய்ந்த அன்விதா அப்பி அவரிடம் கேட்டுப் பதிவு செய்திருக்கிறார். அம்மொழிகளின் இலக்கணமே மனித உடம்பை ஏழு வகையாகப் பகுத்து எழுந்தது என்பது அப்பியின் கண்டுபிடிப்பு. வாய், கை கால், உள்ளுறுப்பு என்று உடம்பின் இடம் சொல்லாமல் பெரும்பாலும் வாக்கியம் அமையாது. போவாவின் மூளையில் அந்த மொழி இருந்தது. எதிரே பதில் சொல்ல ஒருவருமில்லை. பறவைகளிடம் பேசுவார் என்று அவரை அறிந்தவர்கள் சொன்னார்கள். பேச்சுக்கு இரண்டு மூளைகள் தேவைப்படுகின்றன. பெரியவருக்குத் தன்னுடையது பாதி போனாலும், எதிரே நின்ற டிங்கிக்காரரின் மூளை மீதியைச் செய்தது.

இருட்டிவிட்டது. மருமகள் நரம்புச் சுருள்களை ஆணியிலிருந்து எடுத்து உள்ளே வைக்கிறார். இந்தக் கடையிலிருந்து மேட்டில் ஏறினால், செல்லுலார் சிறையை ஒட்டி, 1963இல் தொடங்கிய கோவிந்த் வல்லப பந்த் மருத்துவமனை. பஜார்க்காரர்களுக்கு அது எட்டும் தூரம். தென்கோடித் தீவின் காம்ப்பெல் பேயில் இருப்பவர் கப்பலேறி இங்கே வந்து சேர ஒரு நாளுக்கு மேல் ஆகும். அடைப்பைக் கரைக்கும் மருந்துக்கு இருப்பதோ நாலரை மணி நேரம். அங்கே ஒவ்வொரு நிமிடமும் ஹெலிகாப்டரைக் கேட்க வேண்டிய நிமிடம். தமிழ்நாட்டில் மருத்துவமனையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே புறா இரத்தம் தேய்த்துப் பொழுதைக் கழித்த குடும்பங்களை நான் பார்த்திருக்கிறேன்.

வீட்டில் யாருக்காவது திடீரென்று வாய் கோணினால், ஒரு கை தொங்கினால், பேச்சு குழறினால், எண்ணெய் தேய்க்காதீர்கள். தண்ணீரோ மாத்திரையோ புகட்டாதீர்கள். விடியட்டும் என்று படுக்கவைக்காதீர்கள். மூளையைப் படமெடுக்கும் வசதியுள்ள மருத்துவமனைக்குக் கூட்டிப்போங்கள். அவர் கடைசியாக நன்றாக இருந்தது எத்தனை மணிக்கு என்றுதான் மருத்துவர் முதலில் கேட்பார். மணியைப் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள்.