பீற் பெஸ்ற் ஓய்வு பெற்றார்

2025 ஏப்ரல் முதல் வாரத்தில் அந்தச் செய்தி வந்தது. மேளவாத்தியக் கலைஞர் பீற் பெஸ்ற் மேடை நிகழ்ச்சிகளிலிருந்து ஓய்வு பெறுகிறார், வயது 83. அறிவித்தவர் அவருடைய இளைய சகோதரர் ரோக் பெஸ்ற். எங்கள் ஆசிரிய பீடத்தில் பக்கத்து மேசையில் இருக்கும் இளைஞர், "யார் சேர் இவர்?" என்று கேட்டார். பீற்றில்ஸ் குழுவின் பழைய டிரம்ஸ்காரர் என்றேன். "அது ரிங்கோ ஸ்ரார் அல்லவா?" என்றார். அவரில் பிழையில்லை. உலகத்தில் முக்கால்வாசிப் பேர் அப்படித்தான் சொல்வார்கள். அச்செய்திக்கு எங்கள் பத்திரிகையில் இடம் கிடைக்கவில்லை. அன்றைய பக்கத்தை நான் பொறுப்பேற்றிருந்தால் ஒரு மூலையிலாவது போட்டிருப்பேன்.

இந்த மனிதர் என் மனத்தில் குடியேறி முப்பது ஆண்டுகளாகின்றன. 1995 நவம்பரில் நான் கொழும்பில் ஒரு பத்திரிகையில் வெளிநாட்டுச் செய்திகளை மொழிபெயர்க்கும் வேலையில் இருந்தேன். ஒக்ரோபர் 30 ஆம் திகதி இரவு வலிகாமம் முழுவதும் எழுந்து தென்மராட்சிக்கு நடந்திருந்தது. என் அம்மாவும் அப்பாவும் அந்தச் சனத்தில் எங்கே நிற்கிறார்கள் என்று தெரியாத நாட்கள். மேசையில் வந்து விழும் ஆங்கிலச் செய்தித் தாள்களை இயந்திரம் போலத் தமிழாக்கிக்கொண்டிருந்தேன். அவற்றுள் ஒன்று, பீற்றில்ஸ் குழுவின் வெளிவராத பழைய ஒலிப்பதிவுகள் நவம்பர் 20 ஆம் திகதி 'அந்தோலொஜி' என்ற பெயரில் வெளியாவது பற்றியது. அதில் பத்துப் பாடல்களில் மேளம் வாசித்திருப்பவர், 1962 இல் குழுவிலிருந்து நீக்கப்பட்ட பீற் பெஸ்ற். பிறந்த இடம் சென்னை. எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. லிவர்பூல்காரர் என்று நினைத்திருந்தவர் நம் பக்கத்துக் கரையில் பிறந்தவரா? அதற்குமேல் அந்தச் செய்தியை இயந்திரமாக மொழிபெயர்க்க முடியவில்லை.

1941 நவம்பர் 24 இல் அவர் பிறந்தபோது அந்த நகரத்தின் பெயர் மதராஸ். தாய் மோனா டில்லியில் பிறந்தவர். பீற்றின் தந்தை ஒரு கப்பற் பொறியியலாளர்; இரண்டாம் உலக யுத்தத்தில் இறந்துபோனார். மோனா இந்தியாவிலே ஜோனி பெஸ்ற் என்ற லிவர்பூல்காரரை மணந்துகொள்ள, 1945 இறுதியில் குடும்பம் கப்பலேறி இங்கிலாந்து சென்றது. ஆக, நான்கு வயதில் இந்தியக் கரை போயிற்று. மோனா இலேசுப்பட்ட பெண்மணி அல்லர். நகையை அடகு வைத்து 1954 ஆம் ஆண்டு டேர்பி குதிரைப் பந்தயத்தில் பணம் கட்டினார் என்றும், குதிரை வென்றது, அந்தப் பணத்திலேதான் லிவர்பூலின் வெஸ்ற் டேர்பி பகுதியில் பதினைந்து அறைகள் கொண்ட அந்தப் பெரிய வீடு வாங்கப்பட்டது என்றும் குடும்பத்தவர்கள் சொல்வார்கள். அந்த வீட்டின் நிலக்கீழ் அறையில் 1959 ஓகஸ்ட் 29 இல் அவர் 'கஸ்பா' என்ற கோப்பிக் கழகத்தைத் திறந்தார். திறப்பு நாளில் வாசித்த பையன்களில் ஜோன் லெனன், போல் மக்கார்ட்னி, ஜோர்ஜ் ஹரிசன் மூவரும் இருந்தார்கள். சுவருக்கும் கூரைக்கும் வர்ணம் பூசியதும் அந்தப் பையன்கள்தான். பீற்றில்ஸ் வரலாற்றில் ஓர் இந்தியப் பிறப்புப் பெண்மணியின் நிலக்கீழ் அறைக்கு உள்ள இடத்தை நம்மவர்கள் யாரும் எழுதியதாக எனக்குத் தெரியவில்லை.

1960 ஓகஸ்ட்டில் அவர்களுக்கு ஹம்பேர்க் நகர இரவு விடுதிகளில் வாசிக்க அழைப்பு வந்தது. டிரம்ஸ்காரர் இல்லை. பீற்றைச் சேர்த்துக்கொண்டார்கள். அதன் பின் இரண்டு ஆண்டுகள். ஓர் இரவில் ஏழு, எட்டு மணித்தியாலங்கள். படமாளிகை ஒன்றின் பின்புறம், வெளிச்சமில்லாத அறைகளில் படுக்கை. திரும்பி லிவர்பூல் வந்தபோது அவர்களுடைய ஓசையே வேறாகியிருந்தது. அந்த ஓசையின் அடியில் பீற்றின் கனத்த மேளம் இருந்தது. 'அணு அடி' என்று அதற்குப் பெயர் வைத்தார்கள்.

யாழ்ப்பாணத்தவனுக்கு இது விளங்காத விடயமல்ல. மேளகாரனைப் பின்னால் நிற்பவன் என்று நினைக்கும் ஊர் அல்ல நம்முடையது. கோயில் திருவிழாவில் சுவாமி வீதி வலம் வந்து முடிந்தாலும் மேளச்சமா முடியும்வரை எழும்பாத சனம் நாங்கள். தெட்சணாமூர்த்தியின் தவிலைக் கேட்கக் கட்டுச்சோற்றுடன் ஊர் ஊராய்ப் போனவர்களின் கதையை என் அப்பா சொல்லியிருக்கிறார். அவருடைய வாசிப்பை நேரில் கேட்கும் வயது எனக்கு இருக்கவில்லை. 1975 இல் அவர் காலமாகிவிட்டார். ஆனால் தவில்காரன் மாறினால் சனம் முகத்தைச் சுளிக்கும் என்பதைப் பின்னாளில் பார்த்திருக்கிறேன்.

லிவர்பூலில் முகத்தைச் சுளித்ததோடு நிற்கவில்லை.

1962 ஓகஸ்ட் 16, வியாழக்கிழமை. முகாமையாளர் பிரையன் எப்ஸ்ரீன் பீற்றைத் தன் அலுவலகத்துக்கு அழைத்தார். குழுவினர் உன்னை வேண்டாம் என்கிறார்கள், ரிங்கோ வருகிறார் என்றார். அவ்வளவுதான். லெனனோ மக்கார்ட்னியோ ஹரிசனோ அந்த அறையில் இல்லை. இரண்டு ஆண்டுகள் ஒரே அறையில் படுத்து எழும்பியவர்கள் நேரில் வந்து சொல்லவில்லை. தாங்கள் கோழைகளாக நடந்துகொண்டதாகப் பின்னாளில் லெனனே ஒப்புக்கொண்டார். அன்று மாலை செஸ்ரர் நகரில் நிகழ்ச்சி இருந்தது. பீற் போகவில்லை, வேறொரு குழுவின் டிரம்ஸ்காரர் வாசித்துக் கொடுத்தார்.

காரணம் என்ன என்பதில் அறுபது ஆண்டுகளுக்கு மேலாக வாதம் நடக்கிறது. ஜூன் 6 ஆம் திகதி இலண்டன் ஒலிப்பதிவுக் கூடத்தில் தயாரிப்பாளர் ஜோர்ஜ் மார்ட்டினுக்கு பீற்றின் வாசிப்புப் பிடிக்கவில்லை என்பது உண்மை. ஆனால் இசைத்தட்டுக்கு மாத்திரம் கூடத்து வாத்தியக்காரர் ஒருவரை வைத்துக்கொள்வோம் என்பதே அவர் எண்ணம். ஆளை நீக்கும்படி அவர் கேட்கவில்லை. செப்டெம்பர் 11 ஆம் திகதி ரிங்கோவையும் ஓரமாக உட்கார வைத்துவிட்டு வேறொருவரைக் கொண்டு வாசிக்கச் செய்தார்கள் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். பீற்றின் அழகைக் கண்டு மற்றவர்கள் பொறாமைப்பட்டார்கள் என்று இரசிகைகள் சொன்னார்கள். அதிகம் பேசாதவர், மற்ற மூவரும் முடியை முன்னால் வாரிக்கொண்டபோதும் தன் முடியை மாற்றாதவர் என்பது இன்னொரு காரணம். என்னைக் கேட்டால், ரிங்கோ சிறந்த டிரம்ஸ்காரர். குழு இசைக்காக எடுத்த முடிவு சரியாகவே இருக்கலாம். சொன்ன முறைதான் சரியில்லை.

இரசிகர்களிடம் வருவோம். கவர்ன் கழகத்தின் முன்னால் கூட்டம் கூடியது. பீற் என்றென்றும், ரிங்கோ ஒருபோதும் இல்லை என்ற பொருளில் கோஷம் எழுப்பினார்கள். கைகலப்பில் ஜோர்ஜ் ஹரிசனின் கண் கறுத்து வீங்கியது. எப்ஸ்ரீன் மெய்ப்பாதுகாவலர் இல்லாமல் அங்கே போகத் தயங்கினார். 'மேர்சி பீற்' என்ற உள்ளூர் இசைப் பத்திரிகைக்கு எதிர்ப்புக் கடிதங்களும், நூற்றுக்கணக்கானோர் ஒப்பமிட்ட மனுவும் வந்தன. அதே பத்திரிகைதான் ஓகஸ்ட் 23 ஆம் திகதி முதற்பக்கத்தில், பிரிவு சுமுகமாக நடந்தது என்று எழுதியிருந்தது. எப்ஸ்ரீன் தரப்புக் கொடுத்ததைப் போட்டார்கள். ஓகஸ்ட் 22 ஆம் திகதி தொலைக்காட்சி நிறுவனம் ஒன்று கவர்னில் குழுவைப் படம் பிடித்தது. அந்தப் பழைய சுருளில் பாட்டு முடியும் இடத்தில், பீற் வேண்டும் என்று ஒரு குரல் கேட்கிறது. யாருடைய குரல் என்று எவருக்கும் தெரியாது. படத்தில் இல்லாத மனிதனுக்காக எழுந்த குரல் படத்திலேயே தங்கிவிட்டது.

இந்த இடத்தில் என் கதையைச் சொல்ல வேண்டியிருக்கிறது. இத்தனை நாள் எழுதாமல் விட்டதற்குக் கூச்சத்தைத் தவிர வேறு காரணமில்லை.

1998 இல் நான் வேலை செய்த பத்திரிகையின் வாரமலரில் ஒரு பக்கத்தை மூத்தவர் ஒருவர் பதினொரு ஆண்டுகளாக நடத்திவந்தார். வாசகர் எழுதுவதைத் திருத்தி, எழுதியவருக்கே இரண்டு வரி பதில் போட்டு, புதிதாய் எழுதுபவர்களை வளர்த்த பக்கம். அவர் மெதுவாக வேலை செய்வார். கணினிக்கு மாறமாட்டேன் என்று அடம்பிடித்தார். ஒரு வெள்ளிக்கிழமை நிர்வாகத்திலிருந்து ஒருவர் அவரைக் கூப்பிட்டுப் பேசினார். அவர் மேசையைத் துடைத்துவிட்டுப் போனார். திங்கட்கிழமை அந்த மேசையில் நான் இருந்தேன். எனக்கு புதன்கிழமையே தெரியும். இரண்டு நாட்கள் அவருடன் ஒரே கன்ரீனில் பிளேன்ரீ குடித்தேன். சொல்லவில்லை.

அடுத்த வாரத்திலிருந்து கடிதங்கள் வந்தன. பதுளை, மன்னார், மட்டக்களப்பு, வவுனியா முகாம்கள். ஐயா எங்கே? சுகமில்லையா? ஏன் பக்கத்தில் பெயரைக் காணவில்லை? ஒருவர் நேராகவே எழுதியிருந்தார்: புதியவர் எழுத்தைத் திருத்துகிறார், எழுதியவரைத் திருத்தத் தெரியவில்லை. புதியவர் நான்தான். ஆசிரியரிடம் காட்டினேன். "போடவேண்டாம், நாலு கிழமையில மறந்துபோயிடுவினம்" என்றார். அவர் சொன்னது ஏறத்தாழச் சரிதான். இரண்டு மாதத்தில் கடிதங்கள் நின்றன. நான் அவற்றைக் கிழித்தெறியவில்லை. அவருக்குக் கொண்டுபோய்க் கொடுக்கவும் இல்லை. ஒரு மண்ணிற உறையில் போட்டு இலாச்சிக்குள் வைத்தேன். பத்திரிகை மாறியபோதும் உறை என்னுடன் வந்தது. வீடு மாறியபோதும் வந்தது. அந்தப் பக்கத்தை நான் ஆறு ஆண்டுகள் நடத்தினேன். நன்றாகவே நடத்தினேன் என்று நினைக்கிறேன்.

பீற் பெஸ்ற் பின்னர் பட்ட பாடு சிறிதல்ல. வேறு குழுக்களில் வாசித்தார், அமெரிக்காவுக்கும் போனார், எதுவும் நிலைக்கவில்லை. அறுபதுகளின் நடுப்பகுதியில் உயிரை விட முயன்று, தாயும் தம்பியும் கதவைத் திறந்து காப்பாற்றினார்கள். பாண் பேக்கரியில் மூட்டை ஏற்றினார். பிறகு அரசாங்க வேலைவாய்ப்பு அலுவலகத்தில் சேர்ந்து இருபது ஆண்டுகள், வேலை இழந்து வருபவர்களுக்கு வேலை தேடிக்கொடுத்தார். மேசைக்கு மறுபுறம் இருந்தவர்களுக்கு இவரை விடப் பொருத்தமான உத்தியோகத்தர் கிடைத்திருக்க முடியாது. மோனாவோ பையன்களுடன் உறவை முற்றாக முறிக்கவில்லை. 1967 இல் லெனன் ஓர் இசைத்தட்டு அட்டைப் படத்துக்காகக் கேட்டபோது, இந்தியாவில் படைச் சேவை செய்த தன் தந்தையின் பதக்கங்களை இரவல் கொடுத்தார். நானாக இருந்தால் கொடுத்திருக்கமாட்டேன்.

1963 இல் பீற் மணந்துகொண்ட கதி, கவர்னில் அவருக்கு இரசிகையாக இருந்தவர். அந்த மணவாழ்வு நிலைத்தது. இரசிகர்களும் நிலைத்தார்கள். 1988 இல் லிவர்பூலில் நடந்த பீற்றில்ஸ் இரசிகர் மாநாட்டில் வற்புறுத்தி மேடையேற்றினார்கள். தாய் மோனா காலமானதும் அதே ஆண்டில்தான். பின்னர் தம்பி ரோக்குடன் சேர்ந்து, ஒரே மேடையில் இரண்டு டிரம்ஸ்களாக உலகம் சுற்றினார். 1995 இன் ஒலிப்பதிவுகள் அவருக்கு நல்ல பணத்தைக் கொடுத்தன. அந்த இசைத்தட்டின் அட்டையில் இருந்த பழைய படத்தில் அவருடைய முகம் இருந்த இடம் கிழிக்கப்பட்டிருந்தது. 2008 இல் பீற் தன் சொந்த இசைத்தட்டை வெளியிட்டபோது, கிழிந்துபோன அந்தத் துண்டையே அட்டையில் போட்டார். வாய் திறந்து ஏசாத மனிதர் செய்த ஒரே குறும்பு இது என்று நினைக்கிறேன். 2011 இல் லிவர்பூலில் ஒரு வீதிக்கு அவர் பெயரை இட்டார்கள்.

ஓய்வுச் செய்தியைப் படித்த இரவு நான் உறையை எடுத்து எண்ணினேன். 43 கடிதங்கள். சில தபாலட்டைகள். மை மங்கியிருந்தது, வாசிக்க முடிந்தது. மூத்தவர் மகளுடன் கனடாவில் இருக்கிறார் என்று கேள்விப்பட்டிருந்தேன். ஒரு நண்பர் மூலம் இலக்கம் எடுத்து மூன்றாம் நாள் பேசினேன். எண்பதைக் கடந்த குரல். நான் யார் என்று சொன்னவுடன், "தம்பி, உம்முடைய பக்கம் நல்லா இருந்தது. ஆறு வருசமும் வாசிச்சனான்" என்றார். அதற்குமேல் என்னால் ஒழுங்காகப் பேச முடியவில்லை. புதன்கிழமையே தெரியும் என்பதைச் சொன்னேன். "அது எனக்கும் தெரியும். நீர் அண்டைக்குப் பிளேன்ரீக்கு நீரே காசு குடுத்தனீர்" என்றார்.

கடிதங்களைப் பற்றிச் சொன்னதும் சிறிது நேரம் மறுமுனையில் சத்தமில்லை. பிறகு கேட்டார்: "பதுளையில ஒரு ரீச்சர் இருந்தவ. பச்சை மையில எழுதுவா. அவ எழுதினவவோ?"

உறையைக் கொட்டித் தேடினேன். பச்சை மைக் கடிதம் இரண்டு இருந்தன. இரண்டையும் தொலைபேசியிலேயே வாசித்தேன். இரண்டாவதை இன்னொரு முறை வாசிக்கச் சொன்னார்.

மறுநாள் வெள்ளவத்தைத் தபாலகத்தில் பதிவுத் தபாலில் உறையை அனுப்பினேன். உள்ளே என்ன என்று கேட்ட உத்தியோகத்தரிடம் பழைய கடிதங்கள் என்றேன். பெறுமதி என்ற கட்டத்தில் ஒரு கோடு இழுத்துவிட்டு முத்திரைகளை ஒட்டத் தொடங்கினார்.