வாசகர்கள் நின்ற இடம்

பிரிட்டனின் வேல்ஸ் பகுதியைச் சேர்ந்த பெத் ரீக்கிள்ஸ் என்ற மாணவி, தமது 15 வயதில் ‘வாட்பேட்’ இணையத்தளத்தில் ஒரு கதையை அத்தியாயம் அத்தியாயமாக எழுதத் தொடங்கினார். பதிப்பாளர் எவரும் அவரை அறிந்திருக்கவில்லை. ஆனால், அக்கதையை இலட்சக்கணக்கானோர் வாசிப்பது எண்ணிக்கையில் தெரிந்தது. 17 வயதில் அவருக்குப் பதிப்பக ஒப்பந்தம் கிடைத்தது. 2018இல் கதை திரைப்படமாகவும் வந்தது.

இத்தகைய தளங்கள் நாம் வாசிப்பதைக் கவனித்துக்கொண்டே இருக்கின்றன. எத்தனை பேர் அடுத்த அத்தியாயத்தைத் திறந்தனர், எங்கே நிறுத்தினர், எந்த வரிக்குக் கருத்து எழுதினர் என்பனவெல்லாம் தரவுகளாகச் சேர்கின்றன. அவற்றைக் கொண்டே வெற்றிபெறக்கூடிய கதைகளைத் தேடுகிறார்கள்.

தமிழிலும் இது நடக்கிறது. பெங்களூரில் 2014இல் தொடங்கப்பட்ட ‘பிரதிலிபி’ தளத்தில், தொடக்கக்கல்லூரியில் படிக்கும் என் அக்கா ஒரு தொடர்கதை எழுதுகிறாள். கதாநாயகி, பஃபலோ சாலையில் பூமாலை கட்டும் பாட்டியின் பேத்தி. முதல் மூன்று அத்தியாயங்களை 200க்கும் மேற்பட்டோர் வாசித்தனர். நான்காவதைப் பாதிப் பேர்கூட வாசிக்கவில்லை. அது முழுவதும் தேக்கா ஈரச்சந்தையில் நடக்கும் அத்தியாயம். எனக்கு மிகவும் பிடித்ததும் அதுதான்!

“இதை எடுத்துவிடும்மா, கதை வேகமாகப் போகும்,” என்றார் அப்பா.

அக்கா எண்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். கதை சலித்துவிட்டதா? ‘கோப்பி ஓ’ போன்ற சொற்கள் தமிழக வாசகர்களுக்குப் புரியவில்லையா? அல்லது அது தேர்வு நேரமா? வாசகர்கள் எங்கே நின்றார்கள் என்று எண் காட்டியது. ஏன் என்று அது சொல்லவில்லை.

தமிழ்நாட்டில் கோடிக்கணக்கானோர் தமிழ் பேசுகிறார்கள். இங்கு நாம் சிலர்தாம். எண்ணிக்கையை மட்டும் பார்த்தால் சிராங்கூன் சாலைக் கதைகள் எப்போது மேலே வரும்? அதற்காக எண்ணிக்கையே வேண்டாம் என்று நான் சொல்லமாட்டேன். யாருக்கும் தெரியாத ஒரு மாணவிக்கு அதுதானே வழி திறந்தது!

1950களில் ‘தமிழ் முரசு’ நாளிதழில் கோ. சாரங்கபாணி மாணவர் மணிமன்றத்தைத் தொடங்கியபோது இத்தகைய தரவுகள் இல்லை. மாணவர்கள் அனுப்பியவற்றை மனிதர்கள் படித்துத் தேர்ந்தெடுத்தார்கள். அதில் எழுதிப் பழகிய பலர் பிற்காலத்தில் எழுத்தாளர்கள் ஆனார்கள்.

அக்கா அந்த அத்தியாயத்தை எடுக்கவில்லை. ‘கோப்பி ஓ’ வரும் இடத்தில், ‘பால் சேர்க்காத காப்பி’ என்று மட்டும் எழுதிச் சேர்த்தாள். அப்பாவுக்கு இன்னும் உடன்பாடில்லை.